அஸ்திவாரக் குழியில் புதையல் வந்தால் முதல் நாளில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மேஸ்திரி_கரூர்

எங்கள் பக்கம் பழைய ஓட்டு வீடுகளை இடித்துவிட்டு மாடி வீடு கட்டும் வேலை நிறைய நடக்கிறது. தூண் குழி ஐந்தடி, ஆறடி இறங்குகிறது. இது அமராவதிக் கரை. ரோமானியக் காசும் சேரர் காசும் மண்ணில் கிடக்கிற ஊர். குழியில் பானையோ காசோ தட்டுப்பட்டால், அந்த ஒரு மணி நேரத்தில் எடுக்கிற முடிவு ஒரு குடும்பத்தைத் தூக்கியும் விடும், வழக்கில் மாட்டியும் விடும். அதனால் வேலை தொடங்கும் முன்பே ஆட்களிடம் சொல்லி வைக்க விரும்புகிறேன்.

முதலில் யாரிடம் சொல்வது, போலீஸிலா தாசில்தாரிடமா? கண்டெடுத்தவருக்குச் சட்டப்படி பங்கு உண்டா, இல்லை எல்லாமே சர்க்காருக்கா? மண்வெட்டி பிடித்தவர் ஒருவர், இடம் இன்னொருவருடையது, காண்ட்ராக்ட் வேறொருவர் என்றால் யாருக்கு எவ்வளவு? அதிகாரி வரும் வரை பொருளை எப்படி வைத்திருப்பது? சொந்த வீட்டுச் சுவரை இடிக்கும்போது நகை வந்தால் அதுவும் புதையல்தானா? சட்டம் தெரிந்தவர்களும் காசு தெரிந்தவர்களும் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக வேண்டாம், செய்முறையாக வேண்டும்.


பதில்: தாலுகா_மேசை

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். பொருள் வந்த பிறகு கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் உதவ முடியாமல் போகிறது.

இதற்கான சட்டம் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணிலோ மண்ணோடு கட்டப்பட்ட எதிலோ மறைத்து வைக்கப்பட்ட, மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல் என்கிறது அது. அதனால் சுவர், தளம், கிணற்று உறை எல்லாமே இதற்குள் வரும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் அறிவிக்க வேண்டும். 1878இல் அது பெரிய தொகை. இன்றைக்கு ஒற்றைச் செப்புக் காசும் அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே "சின்னதுதானே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

சொல்ல வேண்டியது மாவட்ட ஆட்சியரிடம். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலருக்கு உடனே போன், அன்றைக்கே தாசில்தாரிடம் மனு, அதே மனுவின் நகல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில். மூன்றையும் செய்யுங்கள். கூட்டம் சேர்ந்தால் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள், ஆனால் போலீஸில் சொன்னது ஆட்சியருக்குச் சொன்னதாக ஆகாது. மனுவில் நான்கு விஷயம் கட்டாயம்: என்ன பொருள், எவ்வளவு அல்லது உத்தேச மதிப்பு, எந்த இடத்தில், எந்தத் தேதியில். மாதிரி இப்படி இருக்கலாம்:

"பொருள்: 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம், பிரிவு 4இன் கீழ் அறிவிப்பு. ........ கிராமம், சர்வே எண் ........, திரு/திருமதி ........ அவர்களுக்குச் சொந்தமான மனையில் ........ தேதி காலை ........ மணிக்கு, தூண் குழி தோண்டும்போது சுமார் ........ அடி ஆழத்தில் மண் கலயம் ஒன்றும் அதற்குள் உலோகக் காசுகளும் கிடைத்தன. எண்ணிக்கை ........ (எண்ணப்படவில்லை என்றால் அப்படியே எழுதவும்). மொத்த எடை ........ கிராம். மண்வெட்டியில் முதலில் கண்டவர் ......... பொருளைக் கருவூலத்தில் ஒப்படைக்க / உரிய பிணை கொடுக்கத் தயாராக இருக்கிறோம். படங்கள் இணைப்பு."

கையெழுத்து, தேதி, இரண்டு சாட்சிகள். நகலில் அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். பின்னால் எந்தத் தகராறு வந்தாலும் உங்களைக் காப்பது அந்த முத்திரைதான்.

பிறகு நடப்பது: பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் வைப்பார்கள், அல்லது ஆட்சியர் கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணை வாங்குவார்கள். வைக்கும்போது மகஜர் (சாட்சிகள் முன்னால் எழுதும் பொருள் விவரக் குறிப்பு) எழுதுவார்கள். அதில் எண்ணிக்கையும் எடையும் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். "காசுகள் ஒரு கலயம்" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாமல் திருத்தச் சொல்லுங்கள். அடுத்து ஆட்சியர் அறிவிக்கை வெளியிடுவார். உரிமை கோருபவர்கள் ஆஜராக வேண்டிய நாள், அந்த அறிவிக்கை வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்கு முன்போ ஆறு மாதத்துக்குப் பின்போ இருக்கக் கூடாது. நில உரிமையாளருக்குத் தனி நோட்டீஸ் போகும். அவர் அன்றைக்கு நேரிலோ முகவர் மூலமோ வராவிட்டால் அவருடைய உரிமை போய்விடும். வெளியூரில் இருக்கும் மனைக்காரர்கள் தவறுவது இங்கேதான்.

பங்குக் கணக்கு: உரிமையாளர் யாரும் இல்லை என்று ஆட்சியர் அறிவித்த பிறகு, நிலக்காரர் என்று யாரும் கோரவில்லை என்றால் முழுவதும் கண்டெடுத்தவருக்கு. நிலக்காரர் கோரி, அதை யாரும் மறுக்கவில்லை என்றால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலக்காரருக்கு. தலைகீழாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அரசு வேண்டுமென்றால் தானே எடுத்துக்கொள்ளலாம். அப்போது தருவது பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். உலோக மதிப்பு 3,00,000 ரூபாய் என்றால் 3,60,000. அதில் கண்டெடுத்தவருக்கு 2,70,000, நிலக்காரருக்கு 90,000. அருமை, பழமை இதற்கெல்லாம் விலை கிடையாது. தங்கம் என்றால் நல்ல தொகை. செம்பு, ஈயம் என்றால் பழைய இரும்புக் கடை விலைதான். என்னைக் கேட்டால் இந்தச் சட்டத்தின் பெரிய குறையே இதுதான். நேர்மையாகச் சொல்பவருக்கு ஊக்கம் இல்லை. இவை மூலச் சட்டத்தின் கணக்குகள். மாநிலத் திருத்தங்களையும் சேர்த்து ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் விட்டால்? உங்களுக்கு வர வேண்டிய பங்கு முழுவதும் அரசுக்குப் போகும். அதோடு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அடையாளம் தெரியாதபடி உருக்குவது, வெட்டுவது, மாற்ற முயல்வது எல்லாம் இதே பிரிவில் வரும். தெரிந்தே உடந்தையாக இருந்த நிலக்காரருக்கு ஆறு மாதம் வரை.


பதில்: பச்சைக்_களிம்பு

சட்டம் சொல்லியாகிவிட்டது. பொருளைப் பற்றி நான் சொல்கிறேன். தயவுசெய்து ஒரு வரியை மட்டுமாவது ஆட்களுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள்: கழுவாதே, தேய்க்காதே, எண்ணாதே.

காசு கிடைத்ததும் நம் ஊரில் முதலில் தேடுவது புளி. வீட்டுச் செம்புக் குடம் பளபளக்கிற மாதிரி இதுவும் பளபளக்கும் என்று நினைக்கிறார்கள். பூமிக்குள் இருந்த செம்புக் காசில் எழுத்தும் உருவமும் இருப்பது பெரும்பாலும் அந்தப் பச்சைக் களிம்புப் படலத்தில்தான். கீழே இருக்கும் உலோகம் ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கும். புளியோ எலுமிச்சையோ அந்தப் படலத்தைக் கரைத்தால் மிஞ்சுவது எழுத்தில்லாத சொரசொரப்பான தகடு. வெள்ளிக் காசைப் பல்பொடி போட்டுத் தேய்த்தால் முகத்தின் மூக்கும் தலைமுடிக் கோடும் போய்விடும். ஈயக் காசின் மேல் அமிலம் பட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும். தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் மென்மையானது. மண்ணோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும்.

செம்பிலும் வெண்கலத்திலும் இரண்டு வகைப் பச்சை உண்டு, பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். கரும்பச்சையாக, கெட்டியாக, வழவழப்பாக இருந்தால் நிலையானது. வெளிர் பச்சையில் பொடிப்பொடியாக, விரலில் ஒட்டுகிற மாதிரி புள்ளிகளாக இருந்தால் அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. மண்ணின் உப்பிலிருந்து உள்ளே ஏறிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்று கொண்டே போகும். நூற்றாண்டுகளாக மண்ணுக்குள் தாங்கியது, ஈரக்காற்றில் சில வாரங்களில் குழிவிழுந்துவிடும். இதற்கு வீட்டு மருந்து கிடையாது. உலர்வாக வைப்பது ஒன்றுதான் வழி.

இனி செய்முறை. கலயம் முழுதாக இருந்தால் உள்ளே கை விடாதீர்கள். ஜேசிபியை நிறுத்துங்கள், வாளியைத் தூக்கிய நிலையிலேயே நிறுத்தி அதில் உள்ள மண்ணைத் தனியாகத் தார்ப்பாயில் கொட்டச் சொல்லுங்கள். அதற்கு முன்பு டிப்பரில் போன லோடு எத்தனை, எங்கே கொட்டினார்கள் என்று எழுதி வையுங்கள். வாளி ஒருமுறை உரசிப் போயிருந்தாலே பாதிக் காசு அந்த மண்ணோடு போயிருக்கும்.

அடுத்து படம். தூரத்திலிருந்து இரண்டு, குழியின் நாலு பக்கச் சுவரும் தெரியும்படி. கிட்டத்தில் இரண்டு, பக்கத்தில் டேப்பை வைத்து. பிறகு ஆழம், இரண்டு மனை மூலைகளிலிருந்து தூரம். ஒரு காகிதத்தில் குறுக்குவெட்டு வரைந்து எந்த ஆழத்தில் கறுப்பு மண், எங்கே செம்மண், எங்கே உடைந்த செங்கல் என்று குறியுங்கள். பத்து நிமிட வேலை. பிறகு எந்தத் தொல்லியல் அறிஞர் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

கலயத்தை எடுத்தே ஆக வேண்டிய நிலை (மழை, கூட்டம், குழி சரிவது) வந்தால்: சுற்றிலும் ஒரு சாண் தள்ளித் தோண்டி, கலயத்தை மண் மேடையில் நிற்க விடுங்கள். காடாத் துணியை நாலு விரல் அகல நாடாவாகக் கிழித்து வாயிலிருந்து அடி வரை இறுக்கிச் சுற்றுங்கள். கலயத்துக்கு அடியில் இரண்டு அங்குல மண்ணோடு சேர்த்துத் தகரம் ஒன்றைப் பக்கவாட்டில் செருகி, இரண்டு பேராகத் தூக்குங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கழுத்து மட்டும்தான் கையில் வரும். எடையைக் குறைவாக நினைக்காதீர்கள்; ரோமானியத் தங்கக் காசு ஒன்று ஏழரை எட்டு கிராம், ஐந்நூறு காசு என்றாலே நாலு கிலோவை ஒட்டி வரும்.

சிதறிப் போயிருந்தால் மண்ணைச் சலிக்க வேண்டும். மணல் சலிக்கும் சல்லடை போதாது. நாயக்கர் காலத் தங்கப் பணம் ஒன்று அரை கிராம்கூட இருக்காது, சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. பெரிய கண் சல்லடையில் சாய்வாக நழுவிவிடும். இரண்டு மில்லிமீட்டர் கண் உள்ள வலையில், காய்ந்த மண்ணாகச் சலியுங்கள். தண்ணீர் விட்டு அலசாதீர்கள்.

வைத்திருப்பது: ஒவ்வொரு காசும் தனித்தனி சிறு பாலித்தீன் உறையில், உறையில் ஊசித் துளை இரண்டு, வெளியே எண். எல்லாவற்றையும் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பை. நீலம் வெளுத்து ரோஜா நிறமானால் மாற்ற வேண்டும். செய்தித்தாளில் சுற்றக் கூடாது, பஞ்சு வைக்கக் கூடாது (நார் களிம்பில் மாட்டும்), ரப்பர் பேண்டு போடக் கூடாது (அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்). மரப்பெட்டியும் வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருக்கும் காசுகளைப் பிரிக்காதீர்கள். அந்தக் கட்டியில் பை வைத்திருந்த துணியின் நெசவே பதிந்திருக்கும்.

நகைக்கடைக்குக் கொண்டுபோய் உரைகல்லில் உரசிப் பார்ப்பது இரண்டு விதத்தில் தப்பு. காசு சேதமாகும், ஊருக்கே சேதியும் போய்விடும். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் மேல் உளியால் வெட்டிய கோடு. கடைக்காரர் கண்ணுக்கு அது பழுது. ஆராய்ச்சியாளருக்கு அந்தக் கோடுதான் முதல் கேள்வி: இதைப் புழக்கத்திலிருந்து விலக்கியவர் யார், ஏன்?


மேஸ்திரி_கரூர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. தோண்டும் ஆள் தினக்கூலி. அவருக்கு முக்கால் பங்கா, காண்ட்ராக்டருக்கா? சுவருக்குள் நகை வந்தால் என்ன என்பதும் பாக்கி. இன்னொன்று: இங்கே பழைய கிரயப் பத்திரங்களில் "நிதி நிட்சேபம்" சேர்த்துத்தான் விற்றிருக்கிறார்கள். அப்படியென்றால் புதையல் வாங்கியவருக்கே என்று ஒரு மனைக்காரர் வாதிடுகிறார்.


பதில்: ஆவணக்_கட்டு

பத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். "நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம்" என்று அஷ்டபோகங்களை (நிலத்தோடு சேரும் எட்டு அனுபவ உரிமைகளை) வரிசையாக எழுதுவது பழைய வழக்கம். நிதி நிட்சேபம் என்பது மறைத்து வைத்த செல்வத்தைத்தான் சொல்கிறது. மனைக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நிலத்தை விற்றவர் பத்திரத்தில் புதையல் உரிமையைத் தனக்கென்று நிறுத்தி வைத்திருந்தால், சட்டம் அவரையே அந்த இடத்தின் உரிமையாளராகக் கருதும். சேர்த்தே விற்றிருந்தால் வாங்கியவர் நிலக்காரர் என்ற நிலையில் கோரலாம். ஆனால் அவ்வளவுதான். அந்த வரி அறிவிக்கும் கடமையை நீக்காது, கண்டெடுத்தவரின் முக்கால் பங்கையும் விழுங்காது. பழைய பத்திரத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விசாரணை நாளில் உதவும்.

கூலி ஆள் விஷயம். சட்டம் "கண்டெடுத்தவர்" என்றுதான் சொல்கிறது. கூலிக்கு வேலை செய்பவர் விலக்கு என்று எங்கும் எழுதவில்லை. ஆனால் கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் இடையே நடப்பில் ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் முக்கால்-கால் கணக்கு விலகி அந்த ஒப்பந்தப்படியே பிரிப்பார்கள். இதைத்தான் நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வேலை தொடங்கும் முன் வேலை ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேருங்கள்: மனையில் எந்தப் பழம்பொருள் கிடைத்தாலும் உடனே வேலை நிறுத்தப்படும், அன்றைக்கே ஆட்சியருக்கு அறிவிக்கப்படும், சட்டப்படி கிடைக்கும் தொகை நிலக்காரர், அன்று குழியில் இருந்த ஆட்கள், ஒப்பந்ததாரர் இடையே இன்ன விகிதத்தில். அதன் கீழ் நிலக்காரர் கையெழுத்து மட்டும் போதாது, தோண்டும் ஒவ்வொருவர் கையெழுத்தும் (அல்லது ரேகையும் சாட்சியும்) வேண்டும். கூலி ஆட்களின் பங்கைக் குறைத்து எழுதி வாங்காதீர்கள். அது நியாயமும் இல்லை, காரியத்துக்கும் ஆகாது. புதையல் வழக்குகள் வெளியே வருவது எப்படி என்று பாருங்கள்: ஐந்து பேர் இரவில் பிரித்துக்கொள்வார்கள், ஒருவருக்குக் குறைந்ததாகத் தோன்றும், அவர் பேசுவார், அல்லது திடீரென்று வண்டி வாங்குவார். அதற்குள் பாதி உருக்கப்பட்டிருக்கும்.

சுவர் நகை. மறைத்து வைத்து நூறு ஆண்டுக்குள் என்று நம்பக் காரணம் இருந்து, மறைத்தவரோ அவர் வழி உரிமை உள்ளவரோ வந்து கோரினால், ஆட்சியர் உடனே உரிமையற்றதாக அறிவிக்க முடியாது. சிவில் கோர்ட்டில் உரிமையை நிலைநாட்ட அவகாசம் கொடுக்க வேண்டும். ஆகவே பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ வைத்தது என்றால் அது வாரிசுகளின் சொத்து. ஆனால் நிரூபிக்க வேண்டும். அந்த நகையோடு எடுத்த கல்யாணப் போட்டோ, பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகைப் பட்டியல், அடகு ரசீது, சீர்வரிசை எழுதிய நோட்டு இவையெல்லாம் சாட்சி. நகையோடு கிடைத்த காசில் உள்ள ஆண்டும் பெரிய சாட்சி. ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட 1918 ரூபாய் ஒன்று அந்தக் கலயத்தில் இருந்தால், அது அதற்கு முன்பு மூடப்பட்டிருக்க முடியாது. அதனால்தான் எதையும் தனியாக எடுத்து விற்காதீர்கள் என்பது. இன்னொன்று, வீட்டில் இப்போது குடியிருப்பவருக்கு மட்டும் அல்ல அது. அத்தை, சித்தி வழி வாரிசுகளுக்கும் பங்கு உண்டு.

சுவரிலிருந்து பழைய 500, 1000 ரூபாய் நோட்டுக் கட்டு வருவதும் உண்டு. அதற்கு மதிப்பு இல்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல் வைத்திருந்தால் 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பின் ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம். ஆராய்ச்சிக்காகவும் சேகரிப்புக்காகவும் என்றால் இருபத்தைந்து நோட்டு வரை. மாற்றித் தருகிறேன் என்று வருபவர்களிடம் கொடுக்காதீர்கள்.


பதில்: பொற்றாமரை

காசைப் பற்றியே பேசுகிறோம். டெல்டா பக்கம் குழியில் வருவது பெரும்பாலும் செப்புத் திருமேனி. அதன் கதை வேறு. படையெடுப்புக் காலங்களில் உற்சவ மூர்த்திகளைக் குழி வெட்டி, மணல் பரப்பி, வரிசையாகக் கிடத்தி மூடினார்கள். ஒன்று கிடைத்தால் பக்கத்திலும் அடியிலும் இன்னும் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளோடு நானூறுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் வந்தன. கோயில் இடத்தில் கிடைத்தால் பங்குப் பேச்சுக்கே போகாதீர்கள். செயல் அலுவலர், தாசில்தார், காவல் நிலையம் மூன்று இடத்துக்கும் ஒரே நேரத்தில் தகவல். திருவானைக்காவில் 2020 பிப்ரவரியில் 505 பொற்காசுகள், 1.716 கிலோ, இப்படித்தான் எண்ணி எடை போட்டு ஒப்படைக்கப்பட்டன.

திருமேனியைக் கையையோ திருவாசியையோ பிடித்து இழுக்காதீர்கள். சோழர் வார்ப்பு உள்ளீடற்றது அல்ல, முழுக் கனம். இரண்டடி உயரம் என்றாலே ஒருவரால் தூக்க முடியாது. அரிப்பு ஏறிய மணிக்கட்டு அந்த எடையில் பட்டென்று ஒடியும். பீடத்துக்கு அடியில் பட்டைக் கயிறு கொடுத்து, படுத்த நிலையிலேயே பலகையில் நகர்த்த வேண்டும். அபிஷேகம் வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள். பாலும் பஞ்சாமிர்தமும் ஈரத்தையும் அமிலத்தையும் களிம்புக்குள் கொண்டுபோகும். சூடம் காட்டிக் கும்பிட்டால் போதும்.

மண்ணைத் துடைக்கக் கூடாது என்பதற்குப் பத்தூர் நடராசரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 1976இல் பத்தூரில் மண் வெட்டிய ஒரு தொழிலாளியின் மண்வெட்டியில் பட்டது. ஆட்சியருக்குச் சொல்லாமல் கைமாறியது. கை மாறி மாறி லண்டன் போய், 1982இல் கனடா நிறுவனம் ஒன்று வாங்கியது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், இந்தச் சிலை அந்தக் குழியிலிருந்துதான் வந்தது என்பதைக் காட்ட அதில் ஒட்டியிருந்த மண்ணும் கரையான் தடங்களும் அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிடப்பட்டன. 1991இல் நடராசர் தமிழ்நாடு திரும்பினார். யாராவது ஆர்வத்தில் நன்றாகக் கழுவித் துடைத்திருந்தால் அந்தச் சாட்சியே இருந்திருக்காது.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உலோகத் திருமேனிகளுக்கான வேதியியல் கூடம் 1930இலிருந்து இருக்கிறது. களிம்பை அகற்றும் வேலை அவர்களுடையது, நம்முடையது அல்ல.


பதில்: நிறுத்து_அளந்து

மோசடியையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உண்மையான புதையலைவிட இது அதிகம் நடக்கிறது. "குழி தோண்டும்போது கிடைத்தது, வெளியே சொன்னால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், பாதி விலைக்குத் தருகிறோம்" என்று தங்கக் காசோ மணிமாலையோ கொண்டுவருவார்கள். சோதிக்க ஒன்றிரண்டைக் கொடுப்பார்கள். அது அசல் தங்கம். பணம் கொடுத்து வாங்கிய பிறகு மூட்டையில் இருப்பது பித்தளை.

ஏமாறாமல் இருக்க எளிய கணக்கு இருக்கிறது. தங்கத்தின் அடர்த்தி 19.3, பித்தளை சுமார் 8.5. கோடு போட்ட அளவுக் குடுவையில் தண்ணீர் எடுத்து, நூறு கிராம் பொருளைப் போடுங்கள். சுத்தத் தங்கம் என்றால் தண்ணீர் 5.2 மில்லி உயரும். 22 காரட் என்றால் 5.7ஐ ஒட்டி. பித்தளை என்றால் 11.8, அதாவது இரண்டு மடங்கு. மூட்டையில் நடுவிலிருந்து நீங்களே எடுத்த பொருளில் இதைச் செய்ய வேண்டும், அவர்கள் எடுத்துக் கொடுத்ததில் அல்ல. அசலாகவே இருந்தாலும் வாங்காதீர்கள். அறிவிக்காத புதையலை வாங்கியவர் பெயரும் வழக்கில் வரும். நூறு ஆண்டு தாண்டியது தொல்பொருள் ஆகிவிடுகிறது; 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்ய முடியாது, தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

அரிசியை இழுக்கும் இரிடியம் கலசம் என்பதும் இதே வகை. அரிசிக்குள் இரும்புத் தூள், கலசத்துக்குள் காந்தம். பூஜை செய்தால்தான் புதையல் மேலே வரும் என்று சொல்பவர்களை மனைக்குள்ளேயே விடாதீர்கள்.


பதில்: தாழிமண்

கரூர் என்பதால் சேர்க்கிறேன். காசுப் பானையைவிட முதுமக்கள் தாழி தட்டுப்படவே வாய்ப்பு அதிகம். அகன்ற வாய், தடித்த சுவர், உள்ளே எலும்புத் துண்டு, கறுப்பு-சிவப்புக் கிண்ணங்கள், துருப்பிடித்த இரும்பு. தங்கம் இல்லை என்று பார்த்ததும் உடைத்து ஓரம் தள்ளிவிடுகிறார்கள். சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லைக் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 1155 என்று வந்தது. அந்த நெல் எந்த நகைக்கடையிலும் செல்லாது; ஆனால் தாமிரபரணிக் கரையின் காலக்கணக்கையே அது பின்னுக்கு நகர்த்தியது. உள்ளே உள்ள மண்ணைக் கொட்டாமல், தாழியைச் சாக்கால் மூடி, வெயில் படாமல் நிழல் கட்டுங்கள். ஈரத்தில் இருந்த எலும்பு வெயிலில் பிளந்துவிடும். மாநிலத் தொல்லியல் துறைக்கு, தாசில்தார் மூலமே, தகவல் போகட்டும்.

வேலை நின்றுவிடுமே என்று பயப்படுகிறார்கள். மனை முழுவதையும் நிறுத்த வேண்டியதில்லை. தாழியைச் சுற்றிக் கயிறு கட்டி, மறுகோடித் தூண் குழிகளில் கையால் தோண்டும் வேலையைத் தொடரலாமா என்று மகஜர் எழுதும்போதே கேட்டு, அதையும் எழுதி வாங்குங்கள்.


பதில்: தாலுகா_மேசை

பச்சைக்_களிம்பு "எண்ணாதே" என்றார், நான் எண்ணிக்கை எழுதச் சொன்னேன். முரண் போலத் தோன்றும். கலயம் முழுதாக இருந்தால் எண்ண வேண்டாம், மண்ணோடு சேர்த்து எடை மட்டும் போட்டு "எண்ணப்படவில்லை" என்று எழுதுங்கள். சிதறிய காசுகளை மட்டும் கிராம நிர்வாக அலுவலர் வந்த பிறகு, அவர் முன்னால் எண்ணுங்கள்.

இங்கிலாந்தில் 1992இல் ஹாக்ஸ்னி என்ற ஊரில், வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடிப் போனவருக்கு ரோமானியப் பொன்னும் வெள்ளியும் தட்டுப்பட்டன. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார்; மீதியை மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மண்ணோடு எடுத்தார்கள். அங்கே சந்தை மதிப்பு கொடுத்தார்கள், 17.5 லட்சம் பவுண்டு. அதை அவர் நிலத்தில் பயிர் செய்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். நம் சட்டத்தில் அந்தத் தொகை வராது என்பது வருத்தம்தான். ஆனால் அவர் செய்த "நிறுத்து, சொல், தொடாதே" என்பதில் நமக்கு எந்தச் செலவும் இல்லை.


மேஸ்திரி_கரூர்

எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தத்தில் சேர்க்கும் பத்தியையும் மனு மாதிரியையும் அச்செடுத்து சைட் கொட்டகையில் வைக்கிறேன். அதோடு ஒரு டப்பா: காடாத் துணி, துளையிட்ட பாலித்தீன் உறை நூறு, சிலிக்கா ஜெல், டேப், மார்க்கர், தகரம் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் சல்லடை. வேறு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?


பதில்: பச்சைக்_களிம்பு

பத்து கிலோ வரை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று. தார்ப்பாய் இரண்டு. கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் அலுவலகம், காவல் நிலையம் மூன்றின் எண்களையும் டப்பாவின் மூடியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சிலிக்கா ஜெல்லை இறுக்கமான பாட்டிலில் வையுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அது முன்பே ஈரம் குடித்து ரோஜா நிறத்தில் இருக்கும்.